மஞ்சள் தாளில் மூன்று கடிதங்கள்

எனக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்ய வராது. பத்து நிமிடம் சும்மா இருந்தால் காலில் எறும்பு ஏறுவது போலிருக்கும். அப்படிப்பட்டவளைப் பொன்னேரியில் ஒரு மாடி அறையில் உட்கார வைத்துக் கடிதம் எழுதச் சொன்னார் வீரராகவன் சார்.

சாருக்கு வீடு வாங்கி விற்பது தொழில். தரகர் என்றால் முகம் சுருங்கிவிடும். முதலீட்டாளர் என்று சொல்ல வேண்டும். விற்றே தீர வேண்டிய நிலையில் இருப்பவர்களைத் தேடிப் பிடித்து, விலையைக் குறைத்து வாங்கி, பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு வீடு இருந்தால் தேவலை என்று நினைக்கிற சென்னைக்காரர்களுக்குக் கைமாற்றுவார். அந்த ஆளைத் தேடிப் பிடிக்கத்தான் கடிதம். அமெரிக்காவில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறார். அச்சடித்த நோட்டீஸை ஜனங்கள் படிக்காமலே கசக்கிப் போட்டுவிடுவார்களாம். கோடு போட்ட மஞ்சள் தாளில் கையால் எழுதி வந்தால், யாரோ தெரிந்தவர் என்று நினைத்துப் படிப்பார்களாம். எங்கள் ஊர் சர்ச் பலகையில் ஞாயிறுதோறும் வசனம் எழுதியவள் நான். கையெழுத்து நன்றாக இருக்கும். ஒவ்வொரு கடிதத்தையும் நான் ஒரு தடவை எழுதிக் கொடுத்தேன். அதை நீல மையிலேயே அறுநூறு பிரதி எடுத்தார்கள். உறையில் விலாசம் எழுதித் தபாலில் சேர்ப்பது ரங்கன் என்ற ஆளின் வேலை.

கண்ட வீட்டுக்கும் அனுப்புவானேன் என்று நான்தான் பெரிய மேதாவி மாதிரி யோசனை சொன்னேன். சொந்தக்காரர் செத்துப் போய், வரி ரசீது மட்டும் இன்னும் அவர் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிற வீடுகளாகப் பாருங்கள் சார், அங்கேதான் பங்குச் சண்டை இருக்கும், சீக்கிரம் விற்பார்கள் என்றேன். சார் மேசையைத் தட்டினார். ரங்கன் ஊர் ஊராக விசாரித்துப் பட்டியல் போட்டான். எனக்கு ஒரே பெருமை.

மாதம் ஒன்றாக மூன்று கடிதங்கள். முதல் கடிதம் பதவிசாக இருக்கும்: உங்கள் வீட்டைப் பற்றிப் பேச ஆசை, அவசரமில்லை. இரண்டாவது கொஞ்சம் நெருங்கி வரும்: ஒரே வீட்டை எல்லோருமாகச் சுமந்து சங்கடப்படுவதைவிட, விற்று அவரவர் பங்கை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் அல்லவா? மூன்றாவது: இதற்குமேல் நான் எழுதமாட்டேன், பதில் இல்லாவிட்டால் உங்களுக்கு மனமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அடியில் வீரராகவன் என்ற பெயரும் போன் நம்பரும். முதல் இரண்டுக்கு ஒருவரும் அசையமாட்டார்கள், மூன்றாவதில்தான் மீன் கடிக்கும் என்பார் சார்.

கடித்தது. ஒரு புதன்கிழமை காலை சார் போனை வைத்துவிட்டுச் சிரித்தார். தோணிரேவிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டதாம். விலைகூடப் பேசவில்லையாம், எங்கே கையெழுத்துப் போடணும் என்று மட்டும் கேட்டதாம். நீ அந்தப் பக்கத்துப் பெண்தானே, ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு இன்றைக்கே போய் முடித்துவிட்டு வா, உன் வேலையை நிரந்தரமாக்கிவிடுகிறேன் என்றார். ரங்கன் விலாசத்தை நீட்டினான். டேவிட் அவர்களின் வாரிசுகளுக்கு என்று இருந்தது.

டேவிட் என் நைனா. அவர் போய் நான்கு வருடமாகிறது. வரி ரசீது இன்றைக்கும் அவர் பெயரில்தான் வருகிறது. ஊரெல்லாம் உள்ள செத்தவர்களை நினைத்த எனக்கு என் வீட்டுச் செத்தவர் நினைவுக்கு வரவில்லை. அந்த இடத்திலேயே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. சாரிடம் ஒன்றும் சொல்லாமல் தாளைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன்.

பழவேற்காடு பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நான் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே அலைந்தேன். கண்டக்டர் இரண்டு முறை முறைத்தார். வீட்டில் அம்மா கிறிஸ்டினா, தம்பி ஜெரோம், அவன் பெண்டாட்டி சோபியா மூன்று பேர். அம்மா ஏரியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவள். நான் பொன்னேரி ஹாஸ்டலில் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். இரண்டு மாதமாக அம்மா சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். ஏரியில் ஊறின அலுப்பு என்று நினைத்திருந்தேன். அம்மாவுக்கு என் கையெழுத்து தெரியாதா? சர்ச் பலகைக்கு முன்னால் நின்று, இது என் பொண்ணு எழுதினது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னவள் அவள்தானே.

பழவேற்காட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். தோணிரேவில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு சாக்குகள் கட்டிக் கிடந்தன. ஒன்றில் பாத்திரம், ஒன்றில் துணி. காட்டூரில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போகத் தயாராகிவிட்டாள் அம்மா. ஜெரோம் சுவரோரம் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். சோபியா உள்ளே போய்விட்டாள்.

"வந்துட்டியா. தபால்லயே வருவேன்னு பாத்தேன்" என்றாள் அம்மா.

நான் நின்றபடியே கொட்டினேன். அது நான் எழுதியதுதான், ஆனால் உனக்கு எழுதியதல்ல, அறுநூறு வீட்டுக்குப் போயிருக்கிறது, எனக்குச் சம்பளம் கொடுக்கிறவர் சொல்லி எழுதினேன், விலாசம் எழுதியவன் வேறு ஆள், சத்தியமாக எனக்குத் தெரியாது. மூச்சு விடாமல் சொன்னேன். அம்மா சரி சரி என்று தலையை ஆட்டினாள்.

"அறுநூறு வூட்ட நான் இன்னாத்துக்குப் பாக்கணும்? என் வூட்டுக்கு வந்துது. உன் கையெழுத்துல வந்துது. மூணு வாட்டி வந்துது. தாள எடு, எங்க போடணும்னு காட்டு."

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. எங்கள் தெருவில் யாரும் யாரிடமும் பங்கை வாய்விட்டுக் கேட்பதில்லை. கூடப் பிறந்தவனிடம் கேட்க வேண்டுமானாலும் வெளியாள் ஒருவரைத்தான் தூது அனுப்புவார்கள். அவர் மூன்று தடவை வருவார். முதல் தடவை பேச்சோடு பேச்சாக, இரண்டாம் தடவை பங்கு என்ற வார்த்தையோடு, மூன்றாம் தடவை இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போவார். நடுவில் கூடப் பிறந்தவன் நேரில் பார்த்து, நீ கேட்டியா என்றால், ஆளனுப்பியவர் ஐயையோ நான் எதுக்குக் கேக்கப் போறேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். அதுதான் மரியாதை. கொடுக்கிறவரும் அந்தச் சத்தியத்தை நம்பாமல், நம்பின மாதிரி தலையாட்டிவிட்டுப் பங்கை எடுத்து வைப்பார்.

அமெரிக்காவிலிருந்து வந்த முறை அட்சரம் பிசகாமல் எங்கள் தெரு முறையாக இருந்து தொலைத்தது. வீரராகவன் என்கிற வெளியாள் மூன்று தடவை வந்து போய்விட்டார். இப்போது நான் வந்து சத்தியம் செய்கிறேன். எத்தனை சத்தியம் செய்கிறேனோ அத்தனைக்கும் அம்மா பேனாவைத்தான் தேடுவாள்.

அலமாரி மேலிருந்து பேனாவை எடுத்துவிட்டாள். என் பையிலிருந்து தானே தாளை உருவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நைனா ஐந்து வருடம் பகலில் வலை இழுத்து, சாயங்காலம் கல் சுமந்து கட்டின வீடு. ஜெரோமுக்குப் பெண் கொடுத்ததே இந்தக் கூரையைப் பார்த்துத்தான். அம்மா கையெழுத்துப் போட்டால் ஜெரோமும் போட்டுவிடுவான், மூன்று பேரும் தெருவில் நிற்பார்கள், நான் நிரந்தர உத்தியோகத்தில் உட்காருவேன். இல்லையென்று கத்திப் பயனில்லை. வேறு என்ன சொன்னால் நம்புவாள் என்று யோசிக்கக்கூட நேரமில்லை. எங்கள் தெருவில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தேன். அவள் எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"வூடு எனக்கு வேணாம்மா. வேணும்னா நான் வாயத் தொறந்தே கேப்பேன். இப்போ ஒண்ணு கேக்குறேன், கேளு. என் கம்மல வித்து இவன் போட்டுக்கு மோட்டார் வாங்குன பாரு, அது இன்னிக்கு வரைக்கும் எனக்கு எரியுது. இவனுக்குன்னா ஓடுற. எனக்குன்னு ஒண்ணு இருந்துது, அதயும் எடுத்துக்குன. அதான் நான் வூட்டுக்கே வர்றதில்ல."

சாரிடம் வருவதற்கு முன் இறால் கம்பெனியில் வேலை பார்த்த முதல் வருடச் சம்பளத்தில் நானே வாங்கிய கம்மல் அது. இரண்டு வருடத்துக்கு முன்னால் சோபியா ஹாஸ்டலுக்கு வந்து வாங்கிப் போனாள். அதைப் பற்றி அன்றுவரை ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்லி முடித்தேன். அவமானமாகவும் இருந்தது, பாரம் இறங்கினாற்போலவும் இருந்தது. ஜெரோமின் கையில் வலை அப்படியே நின்றுவிட்டது.

அம்மா பேனாவை மூடினாள். தாளை நான்காக மடித்து என் பக்கம் தள்ளினாள்.

"அப்போ அந்த லெட்டர் நீ அனுப்பல" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

எழுந்துபோய்ப் பாத்திரச் சாக்கின் கட்டை அவிழ்த்தாள். சோற்றுப் பானையை வெளியே எடுத்து வைத்தாள். அதற்குமேல் எடுக்கவில்லை. சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடியே நின்றாள்.

"அன்னிக்கே இத எங்கிட்ட சொல்லியிருந்தா நான் வித்திருக்க மாட்டேனேடி. கேக்கறதுக்கு எனக்கு வாய் வரல, சோபியாவ அனுப்புனேன். நீ சிரிச்சிக்கினே கழட்டிக் குடுத்தியாம். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அம்மாகிட்ட சொல்லுன்னியாம். நான் நம்பிட்டேன்."

உள்ளே சோபியா அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டது. அவள் ஒரு வார்த்தைகூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. நான் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தேன்.