வலது பக்கத்து சீல்

"வேணும்னே பண்ற நீ. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறியா? நாளைக்கிப் போவக்கூடாது, அதுக்குத்தான் வண்டியப் பிரிச்சிப் போட்டுகினு உக்காந்துகினு கீற."

அம்சவல்லி கத்தியது சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெரு முழுவதற்கும் கேட்டது. கேட்காதவர்களுக்கு நான் பிறகு சொன்னேன்.

"யாரு வேணும்னு பண்றாங்க? வண்டி ஒழுவுதுடி. இப்பிடியே எடுத்துகினு போயி மண்ணூர்ல அவங்க வூட்டு வாசல்ல நிறுத்தினா, போட்ட கோலத்து மேல ஆயில் ஓடும். அப்ப இன்னா பேசுவாங்க?" என்றார் தணிகாசலம். அவர் தலை காருக்கு அடியில் இருந்தது. கைலிக்குக் கீழே நீட்டிய இரண்டு கால்கள்தான் பதில் சொல்வதுபோல் ஆடிக்கொண்டிருந்தன.

"அப்ப வாடகைக் கார் சொல்லு."

"சொந்தக் கார வெச்சிகினு வாடகைக் கார்ல போயி எறங்கறதா? அப்பிடின்னா நான் வரல. நீயும் உன் பொண்ணும் போயிட்டு வாங்க."

அப்பா வராமல் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால் அது பார்த்ததாகக் கணக்கில் வராது. அது அவருக்கும் தெரியும், அம்சவல்லிக்கும் தெரியும், எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியும். அன்று துணி எடுக்க எனக்கு நெடுநேரம் பிடித்தது.

விஷயம் இதுதான். அவர்கள் மகள் தென்றலுக்கும் மண்ணூர் ஸ்ரீதருக்கும் ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் பழக்கம். அவள் போன் தயாரிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள், அவன் கார் கம்பெனி. கார் கம்பெனி என்றால் தணிகாசலம் வேலை செய்கிற அதே கம்பெனி, பாகம் பாகமாக மாட்டிக்கொண்டே போகிற அதே லைன். கியர் பெட்டி நகர்ந்து வரும்போது வலது பக்கம் நிற்பவர் தணிகாசலம். எதிரே இடது பக்கம் நிற்பவன் ஸ்ரீதர். இரண்டு பக்கத்துக்கும் ஆகாது. எந்தப் பெட்டி பழுதென்று திரும்பி வந்தாலும் எதிர்ப்பக்கத்துக்காரன் தப்பு என்று சூப்பர்வைசரிடம் சொல்வது அங்கே வழக்கமாம். அப்படிப்பட்ட எதிர்ப்பக்கத்துப் பையனை மாப்பிள்ளை என்று கூப்பிட அந்த மனிதருக்கு நாக்கு புரளவில்லை.

ஆனாலும் ஒருவழியாகச் சரி என்றார். சரி என்ற பிறகு, வீடு பார்க்கப் போவதை ஒரு தடவை ஷிப்ட் மாறிவிட்டது என்று தள்ளினார். இன்னொரு தடவை ஓ.டி. என்று தள்ளினார். இப்போது இந்த ஞாயிற்றுக்கிழமை. இதை விட்டால் ஆடி பிறந்துவிடும், ஆடியில் பேச்சு கிடையாது. ஆடி போனால் பையன் ட்ரெயினிங்குக்குப் புனே போகிறான். இதற்கு நடுவில் பையனின் அம்மா தன் அண்ணன் மகளைக் கையில் தயாராக வைத்திருக்கிறாள். "மூணாவது தடவையும் வரலன்னா, அவங்களுக்கு இஷ்டமில்லன்னுதான் அர்த்தம்" என்று அந்த அம்மா போனில் சொன்னதை அம்சவல்லிதான் என்னிடம் சொல்லி அழுதாள். நான் யாரிடமும் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக் கங்கம்மாளைத் தவிர.

கார் என்ன ஆனது என்றால், முன் சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் கியர் பெட்டிக்குள் நுழைகிற வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. எண்ணெய் வெளியே வராமல் பிடித்துக்கொள்ளும். குக்கர் வளையத்துக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை சீல் என்கிறார்கள். இடது பக்கத்து சீல் தேய்ந்துவிட்டது. கார் பழசு, தணிகாசலத்தின் கம்பெனியில் செய்ததுதான். "பாத்தியா, என் பக்கம் ஒரு சொட்டு இல்ல. எதிர்ப்பக்கத்துக்காரன் போட்டதுதான் ஒழுவுது" என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அந்த வண்டி லைனை விட்டு இறங்கியபோது ஸ்ரீதர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பான். அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா.

மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னால் கூப்பிடுவாரா? "தெனம் நூத்துக்கணக்குல போடறேன், எனக்கு மெக்கானிக்கா" என்றார். சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, காலையில் ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றி, ஆக்ஸிலை உருவினார். பழைய சீலை எடுக்கத்தான் மதியம் ஆகிவிட்டது. லைனில் மாட்டுவார்களே தவிர யாரும் எதையும் கழற்றுவதில்லை. அவர் திருப்புளியால் குத்திக் குத்தி அதைத் துண்டு துண்டாக வெளியே எடுத்தார். பிறகு புதுசு மாட்டி, எண்ணெய் ஊற்றி, வண்டியைப் படப்பை வரை ஓட்டிக்கொண்டுபோய்த் திரும்பி வந்து நிறுத்தினார். பார்த்தால் அடியில் முன்னைவிடப் பெரிய குட்டை. அம்சவல்லி கத்த ஆரம்பித்தது அப்போதுதான்.

அவர் சக்கரத்தைத் திரும்பக் கழற்றி, ஆக்ஸிலையும் உருவிவிட்டு, வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார். முகம் உண்மையிலேயே செத்துப்போயிருந்தது. வேண்டுமென்று செய்கிற மனிதருக்கு அப்படி முகம் வராது. அம்சவல்லிக்கும் அது புரிந்திருக்க வேண்டும், சத்தத்தைக் குறைத்துக்கொண்டாள்.

தென்றல் பக்கத்தில் வந்தாள். குனிந்து, டார்ச் அடித்து, உள்ளே இருந்த புது சீலை போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினாள். அடுத்த நிமிடம் அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமா, நான் ஸ்ரீதர் பேசறேன். அது ஆர்.எச்., வலது பக்கத்து சீல் மாமா. அம்புக்குறி பாருங்க, உங்க பக்கத்துது. அளவு ஒண்ணுதான், ஆனா எங்க பக்கம் ஆக்ஸில் மறுபுறமா சுத்தும். உங்க சீல் அங்க ஆயிலத் தடுக்காது, வெளிய தள்ளும்."

தணிகாசலம் டார்ச்சை வாங்கி உள்ளே அடித்துப் பார்த்தார். நடந்தது எனக்கே விளங்கிவிட்டது. கடைக்காரர் கம்ப்யூட்டரில் பார்க்கிறேன் என்று சொன்னபோது, "எதுக்கு, எனக்கு நம்பர் மனப்பாடம்" என்று பெருமையாக ஒப்பித்து வாங்கி வந்ததாக அவரே காலையில் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒரே நம்பர் வலது பக்கத்து நம்பர். லைனில் அவர் கைக்குப் பக்கத்தில் இருக்கும் டப்பாவில் வேறு சீல் வரவே வராது. இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் அம்புக்குறியைத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

"எங்க பக்கத்து சீல் நான் வாங்கினு வரேன் மாமா" என்றது போன்.

"இங்க எதுக்கு?" என்று பதறியது அம்சவல்லிதான். "நாளைக்கி வூடு பாக்கப் போறோம், இன்னிக்கி மாப்பிள்ளைய வண்டிக்கு அடியில படுக்க வைக்கிறதா? ஊரு இன்னா சொல்லும்?" சொல்லிவிட்டு என் மாடியைப் பார்த்தாள். நான் துணி மடித்தேன்.

பையன் வந்துவிட்டான். முதல் ஷிப்ட் முடிந்த சட்டையோடு, பைக்கில். வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நேராக வண்டிக்குப் பக்கத்தில் குந்தினான். தப்பான சீலை எடுக்க இரண்டு ஆண்களும் திருப்புளியோடு மாறி மாறி மல்லுக்கட்டினார்கள். அம்சவல்லி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"தள்ளுங்க. ஒரே எடத்துல குத்தினா வருமா? சுத்திச் சுத்தி நெம்பணும். எண்ண டின்னு மூடியத் தொறந்ததில்லியா ரெண்டு பேரும்?"

"அப்பா எப்ப தொறந்தாரு" என்றாள் தென்றல்.

அம்சவல்லி ஒரு பெரிய கரண்டியின் காம்பை விட்டு, கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே என்று சுற்றி நெம்பினாள். சீல் முழுசாக வந்து மடியில் விழுந்தது. புடவையில் எண்ணெய். அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை, அதுதான் எனக்கு அதிசயம்.

புது சீலைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்ரீதர் முழித்தான். "லைன்ல பட்டன அமுக்கினா மெஷின் தள்ளிடும் மாமா."

"இங்க ஏது பட்டன்? கொடு." தணிகாசலம் அம்புக்குறியை முதலில் பார்த்தார். அப்புறம் பையனிடம் காட்டினார். பையன் தலையாட்டிய பிறகுதான் கியர் பெட்டியின் வாயில் வைத்தார். பிளம்பர் விட்டுப்போன பிளாஸ்டிக் குழாய்த் துண்டை அதன்மேல் நிறுத்தி, சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் விரலை ஓட்டிப் பார்த்தார், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிவிடாமல். அந்த விரலுக்கு அந்த வேலை தெரிந்திருந்தது, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆக்ஸிலைத் திரும்ப நுழைக்கும்போது பையன் விளக்குப் பிடித்துக்கொண்டு, "சீல் மேல இடிக்காம மாமா, நேரா, நேரா" என்றான்.

"தெரியும்பா. எத்தினி போட்டிருக்கேன்."

"வலது பக்கம்" என்றாள் தென்றல். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்துத் தணிகாசலம்தான் முதலில் சிரித்தார்.

எண்ணெய் ஊற்றி, நான்கு பேரும் ஏறி, ஒரகடம் கூட்டு ரோடு வரை போய்வந்தார்கள். நிறுத்தி, அடியில் டிவி வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டார்கள். எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஏதோ குழந்தை தூங்குவதைப் பார்ப்பதுபோல. ஒன்றும் சொட்டவில்லை. பையன் ஹெல்மெட்டை எடுத்தபோது தணிகாசலம், "அம்மா கிட்ட சொல்லிடு, காலையில வந்துடறோம்னு. டிபன் வேணாம், காபி போதும்" என்றார். பையன் பைக்கை ஸ்டார்ட் செய்ய மறந்து, உட்கார்ந்தபடி காலால் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போனான்.

மறுநாள் விடிந்ததும் அம்சவல்லி "ஐயோ" என்றாள். அட்டையில் ஒரு ஈரம். தணிகாசலம் பனியனோடு ஓடிவந்து விரலால் தொட்டு, மோந்து பார்த்து, நாக்கில்கூட வைத்துப் பார்த்தார். தண்ணீர். வாசல் தெளித்தது அவளேதான். "நீயே தெளிச்சிட்டு நீயே கத்துறியா" என்று கேட்டுவிட்டு அவர் படியில் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், எனக்கே நெஞ்சு லேசாகிவிட்டது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நகத்தில் கறுப்போடு, தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு மண்ணூர் போனார். பையனின் அம்மா அந்த நகத்தைப் பார்த்தாளாம், மகன் நகத்தையும் பார்த்தாளாம். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் தட்டில் பழத்தை எடுத்து வைத்தாளாம்.

பையன் புனே கிளம்புவதற்குள், ஆவணி முதல் முகூர்த்தத்திலேயே கல்யாணம் முடிந்தது. தென்றல் போன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அவனோடு புனே போனாள். அங்கே சாப்பாடு சரிப்படவில்லை என்று வருத்தப்பட்டாளே தவிர வேறு குறை சொல்லவில்லை. ட்ரெயினிங் முடிந்து இப்போது மறைமலை நகரில் வாடகை வீடு, அவளுக்கும் அங்கேயே வேலை. பையனின் அம்மா கையில் வைத்திருந்த அந்த அண்ணன் மகளை வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், நல்ல இடம்தானாம்.