இருமல் சார்

திங்கட்கிழமை காலையில் என் வேலை, சனிக்கிழமை நிகழ்ச்சியிலிருந்து ஜனங்களை வெட்டி எடுப்பது. எங்களுடையது ஏழு மாடி நூலகம். கீழ்த்தளத்து அரங்கில் வாராவாரம் பாட்டு, நாடகம், கதை வாசிப்பு என்று ஏதாவது நடக்கும். அனுமதி இலவசம். இலவசம் என்றால் யார் யார் வருவார்கள் என்று சொல்லவா வேண்டும்? ஏசிக்காக வருகிறவர்கள், தூங்க வருகிறவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள், உண்மையிலேயே கேட்க வந்த நாலு பேர். ஒலிப்பதிவாளனான எனக்கு எல்லோரும் ஒன்றுதான், சத்தம். இணையதளத்தில் ஏற்றுவதற்கு முன்னால் நாற்காலி இழுபடுவது, போன் அடிப்பது, கடைசியில் வரும் கேள்வி நேரம் எல்லாவற்றையும் வெட்டிவிடுவேன். வெட்டாத மூலப்பதிவு மூன்று மாதம் இருக்கும். அப்புறம் இடம் போதாது என்று அழித்துவிடுவோம்.

இந்தத் திங்கட்கிழமை ஓர் அம்மா பதிவறைக் கதவைத் தட்டினார். அறுபதைத் தாண்டிய வயது. கையில் ஒரு போட்டோ. என் கணவர், இங்கே வருவார், தெரியுமா என்று கேட்டு நீட்டினார். தெரியாமல் என்ன? இருமல் சார்.

அந்தப் பெயரை வைத்ததே நான்தான். மூன்றாவது வரிசையில் நடைபாதை ஓர நாற்காலி ஐந்து வருஷம் அவருடையதாக இருந்தது. மேடையில் எல்லாம் அடங்கி ஒரே ஒரு ஸ்வரம் நிற்கும் நேரமாகப் பார்த்து இருமுவார். வறட்டு இருமல். இரண்டு சின்னது, ஒன்று பெரியது. கேள்வி நேரத்தில் முதல் ஆளாக மைக்கை வாங்குவார். கேள்வி அரை நிமிஷம், முன்னுரை ஐந்து நிமிஷம். போன வருஷம் ஒருநாள் பொறுமை போய், "சார், கடைசி வரிசையில உட்காருங்களேன், ரெக்கார்டிங் கெட்டுப்போகுது" என்று சொல்லிவிட்டேன். சரி என்று தலையாட்டினார். அடுத்த வாரத்திலிருந்து கதவோரம் உட்கார்ந்தார். இருமல் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். கேள்வி கேட்பதையும் விட்டுவிட்டார். அப்பாடா என்றுதான் இருந்தது எனக்கு.

அவர் இறந்து இரண்டு மாதம் ஆகிறதாம். அந்த அம்மா இங்கே ஒருநாளும் வந்ததில்லை. சனிக்கிழமை இவர் கிளம்பினால் வீட்டில் இரண்டு மணி நேரம் அமைதி என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். இப்போது பார்த்தால் போட்டோ கட்டுக்கட்டாக இருக்கிறது, குரல் ஒன்றுகூட இல்லை. போனில் "சரி, வை" என்பதோடு முடித்துக்கொள்கிற மனுஷராம். இங்கே எல்லாவற்றையும் பதிவு செய்கிறார்கள் என்று அவர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்து இந்த அம்மா புறப்பட்டு வந்திருக்கிறார்.

"சிஸ்டத்துல பழசெல்லாம் இருக்காதும்மா" என்றேன். பழி போடுவதற்கு சிஸ்டம் மாதிரி வசதியான ஆள் கிடையாது.

"அவரைப் பின்னாடி உட்காரச் சொன்ன தம்பி நீங்கதானே?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"வீட்டுல வந்து சொன்னார். நியாயம்தான்னார். நான் சண்டைக்கு வரல தம்பி. அவர் இருமல் உங்களுக்குத்தான் அடையாளம் தெரியும். வேற யார்கிட்ட போய்க் கேட்பேன்?"

அவர் இருமலையும் கேள்விகளையும் வெட்டி எறிந்தது நான்தான் என்பதைச் சொன்னேன். அந்த அம்மா அங்கே கிடந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தார். தேட ஆரம்பித்தேன். மூலப்பதிவு இருந்த மூன்று மாதத்தில் அவர் உயிரோடு இருந்தது ஒரு மாதம்தான், அதிலும் இருமல் வந்தபோதெல்லாம் வெளியே போயிருந்தார். பழைய நிகழ்ச்சிகளிலோ, அவர் இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் என் கத்தரி அவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது. என் வேலைத் திறமையைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது.

வெட்ட முடியாமல் விட்டது ஒன்றே ஒன்று. நாலு வருஷத்துக்கு முந்தைய புல்லாங்குழல் கச்சேரி. குழல் கீழே இறங்கி மூச்சு மட்டும் கேட்கிற இடத்தில் இருமல் விழுந்திருந்தது. அதை எடுத்தால் குழலும் போய்விடும். அன்றைக்கு அரை நாள் மல்லுக்கட்டி, வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டி, சத்தத்தைக் குறைத்து மட்டும் வைத்திருந்தேன். இப்போது அந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டினேன். இரண்டு சின்னது, ஒன்று பெரியது. அதற்கப்புறம், நான் அன்று கவனிக்கவே கவனிக்காத ஒன்று. பக்கத்து நாற்காலிக்காரரிடம் தாழ்ந்த குரலில், "மன்னிச்சுக்கங்க."

ஹெட்போனைக் கழற்றி அந்த அம்மாவின் காதில் மாட்டி ஓடவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாப்பத்தோரு வருஷத்துல என்கிட்ட ஒரு தடவை இப்படிச் சொன்னதில்ல" என்றார், ஹெட்போன் இருந்ததால் சற்றுச் சத்தமாகவே. திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தார், கொஞ்ச நேரம்.

பென் டிரைவில் போட்டுத் தருகிறேன் என்று சைகை காட்டினேன். அது கிடக்கட்டும் என்பதுபோலக் கையசைத்தார்.

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டேன். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டார். குழல் இறங்கி வருவது எனக்குக் கேட்கவில்லை, திரையில் கோடு மெலிவதை வைத்துத் தெரிந்துகொண்டேன். இருமல் வரும் இடத்துக்குச் சற்று முன்னாலேயே அவருடைய வலது கை எழுந்து, பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியின் சாய்மானத்துக்குப் போனது. அங்கே அதை மேலிருந்து கீழாக, மெல்ல, தடவிக்கொடுக்க ஆரம்பித்தது.