தவணை மேசைக்கு ஆள் தேவை

வீட்டுச் சாமான் கடையில் தவணை மேசைக்கு ஆள் தேவை என்று விளம்பரம். தவணைக்குப் பணம் கொடுக்கும் கம்பெனியோ கையை இறுக்கி மூடிக்கொண்டு மாதக்கணக்காகிறது. புதிதாக யாருக்கும் கடன் கிடையாது. இருந்தும் வாசலில் ‘சுலபத் தவணை’ பலகை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. கழற்றினால் கடை படுத்துவிட்டது என்று தெருவே பேசுமாம்; மேசை காலியாகக் கிடந்தாலும் அப்படித்தானாம்.

நேர்காணலுக்கு வந்தவள் பெயின்டரின் மகள். குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். ஆபீஸ் ஆபீஸாகக் காட்டிச் சான்றிதழின் ஓரம் கிழிந்ததுதான் மிச்சம். இந்த வேலையும் இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் சித்தப்பா கடையில் பொட்டலம் மடிக்க வேண்டும். “பொட்டலம் மடிக்கவும் பட்டம் கேக்கறாங்களா” என்று கேட்கச் சித்தப்பா இப்போதே தயாராக இருந்தார்.

முதலாளி சான்றிதழைப் புரட்டினார்.

“தாவரவியலா? வணிகவியல் படிச்ச ஆளத்தான் எடுக்கணும்னு என் மச்சினன் கறாரா சொல்லிட்டான்மா.”

“அவரு என்ன சார் படிச்சிருக்காரு?”

“அதெல்லாம் பெரிய படிப்பு.” முதலாளி குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு வருஷமா வீட்லதான் இருக்கான்.”

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள்.

அதற்குள் தையற்கார அக்கா ஒருவர் உள்ளே வந்து, விற்பனைக்கு வைத்திருந்த சோபாவில் உரிமையோடு உட்கார்ந்தார். மெஷின் வாங்கக் கடன் கேட்டு வாராவாரம் வருபவர். பார்த்ததும் முதலாளி மேசைக்கடியில் எதையோ தேடத் தொடங்கினார்.

“நீயே பேசும்மா,” என்று அடியிலிருந்து குரல் வந்தது. “கம்பெனி எப்பக் கடன் குடுக்கும்னு எனக்கே தெரியாது. பக்குவமா அடுத்த வாரம்னு சொல்லு.”

அவள் எழுந்து போனாள். “அக்கா, கடன் இல்ல. அடுத்த வாரமும் இல்ல. எப்பக் குடுப்பாங்கன்னு இவருக்கே தெரியாது.”

“இத மொதல்லயே சொல்லியிருந்தா பஸ் காசாவது மிஞ்சியிருக்கும்,” என்று அக்கா பையை எடுத்தார். “யூனிஃபார்ம் ஆர்டர் வந்திருக்கு. வீட்ல இருக்கற மெஷின் பாதித் தையல்ல நின்னுடுது.”

முதலாளி நிமிர்ந்தார். “போச்சு. சோபாவுல ஒரு ஆளாவது உக்காந்தாத்தான் கடை கடை மாதிரி இருக்கும். இருந்தவங்களையும் கெளப்பிட்டே.”

“கண்ணாடிக்குள்ள ஒரு தையல் மெஷின் நிக்குதே சார், அது?”

“பழைய மாடல். யாரு வாங்குவா?”

“வாடகைக்கு விடுங்க. தவணைன்னாத்தான் கம்பெனி வேணும். வாடகைக்கு நீங்க போதும்.”

“இது எந்தப் பாடத்துல வருது?”

“எதுலயும் வரல. எங்க வீட்ல ஃபேன், கட்டில் எல்லாம் வாடகைதான். நான் பரீட்சைக்குப் படிச்ச மேசையும்.”

வாசல்வரை போன அக்கா பையைக் கீழே வைத்தார். “மாசம் எவ்வளவு?”

முதலாளி ஒரு தொகை சொன்னார். அக்கா அதில் பாதி சொன்னார். இரண்டு பேரும் நெஞ்சில் கை வைத்து நஷ்டம் நஷ்டம் என்று புலம்பியபடியே இடையில் ஓர் இடத்தில் வந்து நின்றார்கள். மெஷின் ஆட்டோவில் ஏறியது.

“திங்கக்கிழமை வந்துடும்மா,” என்றார் முதலாளி. “மச்சினன்கிட்ட மட்டும் வணிகவியல்னு சொல்லிக்குவோம். எதுக்கு வீண் வம்பு?”

வேலை கைக்கு வந்துவிட்டது. தலையாட்டினால் போதும். சித்தப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்து போனது. இருந்தும் தலை ஆடவில்லை.

“அது முடியாது சார். எங்கப்பா சாரத்துல தொங்கிப் படிக்க வெச்சது தாவரவியல். அதையே சொல்லுங்க. இல்லன்னா சான்றிதழக் குடுங்க.”

முதலாளி அவளைப் பார்த்தார். மெஷின் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுப் போனை எடுத்தார்.

“மாப்ள, ஆள் எடுத்தாச்சு. தாவரவியல்.” சட்டென்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். சத்தம் அடங்கியதும் மெல்லச் சொன்னார்: “செடிக்குத் தண்ணி ஊத்த இல்லடா. கடைக்குத்தான்.”