ஜன்னல் வைத்த சட்டை

தையல்காரர் சொன்ன சொல் கத்தரி போட்ட துணி, திரும்ப ஒட்டாது. "ரெண்டு தடுப்பூசி போட்டாச்சு. நம்ம குடும்பம் மறுபடியும் போய் வரிசையில நிக்காது" என்று, கொள்ளைநோய் தணிந்த ஆண்டில் கூடத்தில் எல்லார் முன்னும் சொல்லிவிட்டார். வீடு கட்டுப்பட்டது. அண்ணன் காலமான பிறகு அவர் பொறுப்பில் இருந்த, மூச்சிரைப்புக்கார அண்ணியும்தான். சென்ற குளிர்காலத்தில் அதே நோய்க் காய்ச்சல் வந்து அவள் பிராணவாயுக் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

டாக்டரான மகள் இந்த முறை விடவில்லை. வயதான உடம்பு பழைய ஊசியை மறந்துவிடும், அவ்வப்போது ஞாபகப்படுத்த வேண்டும் என்றாள். காய்ச்சலே வராது என்று சொல்லமாட்டாளாம். வந்தாலும் ஆஸ்பத்திரிவரை இழுத்துப்போவது குறையுமாம். கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க போனாத்தான் பெரியம்மா போவாங்களாம்பா. இன்னொரு காய்ச்சலை அவங்க நெஞ்சு தாங்காது."

சொல்லா, அண்ணியின் மூச்சா? அன்று அவர் தையல் இயந்திரம் வெறுமனே நின்றது. முதலில் யாருக்கும் தெரியாமல் தான் மட்டும் ஊசி போட்டுப் பார்ப்பது என்று முடிவுசெய்தார். ஆனால் மணிக்கட்டை இறுக்கும் முழுக்கைச் சட்டை முழங்கைக்கு மேல் ஏறாது. நாலு பேர் நடுவே சட்டையைக் கழற்றுவதா? அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சட்டைக் கையில் தோளுக்குக் கீழே சிறு திறப்பு வெட்டி, அதற்கு ஒரு துணி மூடி வைத்து, இரண்டு பொத்தான் தைத்தார்.

போனார், போட்டுக்கொண்டார், நிமிர்ந்தே திரும்பினார். ஊரார் சட்டைக்கெல்லாம் பொத்தான் சரிபார்க்கும் மனிதர், தன் சட்டை மூடிக்குப் பொத்தான் போட மறந்துவிட்டார். உள்ளிருந்து, ஊசி போட்ட இடத்துப் பஞ்சு எட்டிப்பார்த்தது.

அண்ணி பார்த்தாள். "என்ன தம்பி, சட்டைக்கு ஜன்னலா? காத்து உள்ள வரவா, நீங்க சொன்ன சொல் வெளிய போகவா?"

அவர் காது சிவந்தது. முதுகு வளையவில்லை.

"என் சொல்லு, அண்ணி. வெட்டினது நான்தான், பிரிச்சுத் தைக்கிறதும் நான்தான்."

அவள் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி நீட்டினாள். "அப்ப எனக்கும் ஒரு ஜன்னல் வைங்க."

மறுநாள் இருவரும் நடுத்தெருவில், எல்லாரும் பார்க்க, அவளுக்கு ஊசி போடப் போனார்கள்.

குளிர்காலம் வந்தது, காய்ச்சலும் வந்தது. இருவரும் வீட்டிலேயே படுக்கையில் கிடந்தார்கள். மகள் அண்ணியின் மூச்சை எண்ணியபடி பக்கத்திலேயே இருந்தாள். அது தடம் மாறவில்லை. சில நாளில் அண்ணி எழுந்து உட்கார்ந்து, அதற்குள் தேறி வீட்டிலேயே தைக்க உட்கார்ந்துவிட்ட கொழுந்தனை, இயந்திரச் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று திட்டினாள். இத்தனை இனிய வசவை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை.

அவள் எங்கும் நிற்காமல் கடைவரை நடந்து வந்த காலையில், வாசலில் தெருவின் கிழங்கட்டைகள் எல்லாம் ஆளுக்கொரு சட்டையோடு காத்திருந்தன.

தையல்காரர் கத்தரியை எடுத்தார். "வரிசையில நில்லுங்க" என்றார்.