சூப்பிரண்டின் மேற்பார்வையில் ஆப்பிள் விழுது

மேற்பார்வை இல்லாத இடத்தில் எந்தக் காரியமும் கனியாது. நாகரிகம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் அத்தனையும், யாரோ ஒருவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்ததால் விளைந்ததுதான். பணி ஓய்வு விழாவில் சூப்பிரண்டு இப்படித்தான் பேசினார். கைதட்டினார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தன் வீட்டுச் சமையலறையில், அதே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சார ஸ்லோ குக்கரின் கண்ணாடி மூடிக்குக் கீழே கிடந்த ஆப்பிள் துண்டுகளைப் பார்த்தபடி நின்றார். விடிந்ததிலிருந்து நிற்கிறார். ஆப்பிள் வேகவில்லை.

மூடியில் ஆவி படிந்து உள்ளே ஒன்றும் தெரியாமல் போகும். உடனே அதைத் தூக்குவார். சூடான மூச்சு ஒன்று முகத்தில் அடித்துவிட்டுப் போகும். கரண்டியால் ஒரு துண்டை நசுக்கிப் பார்ப்பார், அது நசுங்காது. மூடுவார். மறுபடி ஆவி படியும், மறுபடி தூக்குவார். அலுவலகத்தில் ஃபைல்களையும் அவர் இப்படித்தான் நடத்தினார். ஒரு ஃபைல் அவர் மேசைக்கு வந்தால் தினமும் ஒரு முறை திறந்து பார்க்கப்படும், ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி விழும், மூடப்படும். அவையும் வெந்ததாக யாரும் சொல்லவில்லை.

சூப்பிரண்டு என்பது பதவிதான். ஆனால் அவர் ஓய்வு பெற்ற பிறகும் அது அவரை விட்டு இறங்கவில்லை. குடியிருப்பின் வாட்ச்மேனிலிருந்து எதிர் வீட்டுப் பல் டாக்டர் வரை எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். மனைவி மட்டும் ‘இங்க பாருங்க’ என்று கூப்பிடுவாள்; அவரும் அந்தத் திசையில் பார்ப்பார். அவள் இறந்துபோன பிறகு வருகிற முதல் ஆப்பிள் காலம் இது.

ஆப்பிள் மலிகிற நாட்களில் வருடம் தவறாமல் அவள் அந்த விழுதைச் செய்தாள். தோல் சீவிய ஆப்பிள், சர்க்கரை, பட்டை, கிராம்பு, இன்னும் ஏதேதோ. நாள் முழுக்க மெல்லிய சூட்டில் கிடந்து, குழைந்து, செங்கல் நிறம் போய்க் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்து நிற்கும். ரொட்டியில் தடவிக்கொள்வதற்கு. ஜாம் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. பாட்டில்களில் அடைத்து, மூடிக்கு மேலே ஒரு துண்டுத் துணியைப் போட்டுக் கட்டித் தருவாள். அவற்றை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மேலதிகாரிகளின் மேசையில் வைப்பது சூப்பிரண்டின் பங்கு. வைக்கும்போது ஒரு வாக்கியமும் சொல்வார்: “சார், இதுல முக்கியமான சரக்கு பொறுமை. ராத்திரி பூரா கண் முழிச்சுக் கிண்டுவா.” அதிகாரிகள் நெகிழ்ந்து போவார்கள்.

இப்போது அதை அவரே செய்ய வேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு சட்டிப் பால். போன வாரம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, செய்தித்தாளின் தலையங்கத்தைச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தார். மூன்றாவது பத்தியில் வினைமுற்று சரியில்லை. அதைச் சரி செய்து முடிப்பதற்குள் பால் பொங்கி, வற்றி, கருகி, சமையலறை புகையாகி, பல் டாக்டர் கதவை இடித்து உள்ளே வந்தார். விஷயம் அன்றைக்கே மகளுக்குப் போய்விட்டது.

“அப்பா, எங்க வீட்டுல கீழ் ரூம் காலியாத்தான் இருக்கு,” என்றாள் மகள் ஃபோனில். “ஞாயித்துக்கிழமை வரேன். வீட்டப் பாக்கறேன், உங்களப் பாக்கறேன். சரியா வரலேன்னா பெட்டியக் கட்டிடணும். அதுவரைக்கும் அடுப்பத் தொடக்கூடாது.”

“தாராளமா வா. உங்கம்மா பண்ற ஆப்பிள் விழுதப் பண்ணி வைக்கறேன். தின்னு பாத்துட்டு அப்புறம் பேசு.”

“அம்மாவோடதா?” என்று கேட்டபோது அவள் குரல் வேறாக இருந்தது. “சரி. அது மட்டும் நல்லா வந்துடுச்சுன்னா நான் எதுவும் பேசல.”

ஃபோனை வைத்த பிறகுதான், ஒரு ரொட்டித் தடவலின் மேல் வீட்டையே பந்தயம் கட்டிவிட்டது அவருக்கு உறைத்தது. அந்தக் கீழ் ரூமை அவர் பார்த்திருக்கிறார். நல்ல வெளிச்சம், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, கிழமை எழுதிய மாத்திரை டப்பா. அங்கே அவரை யாரும் சூப்பிரண்டு என்று கூப்பிட மாட்டார்கள் என்பது ஒன்று. இங்கே, மனைவி படுத்த பக்கம் மெத்தை இன்னும் கொஞ்சம் பள்ளமாக இருக்கிறது என்பது இன்னொன்று. வெளியே சொல்வதாக இருந்தால் முதல் காரணத்தைத்தான் சொல்வார்.

நண்பகலில் மைத்துனி வந்தாள். மனைவியின் தங்கை, இரண்டு தெரு தள்ளி, திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருக்கிறாள். கழுத்தில் அளவு நாடாவோடு உள்ளே வந்தவள் முதலில் மூக்கை உறிஞ்சினாள், பிறகு குக்கரைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“என்ன அத்தான், காவலுக்கு நிக்கறீங்களா? ஆப்பிள் எங்கயும் ஓடிடாது.”

“காலைலேருந்து வேக வெக்கறேன். பச்சையா இருக்கு. மெஷின்ல கோளாறு.”

“எத்தன தடவ தெறந்தீங்க?”

“அப்பப்ப.”

அவர் பேசும்போதே கை மூடிக்குப் போனது. அவள் அளவு நாடாவின் நுனியால் அந்தக் கையில் ஒரு தட்டு தட்டினாள். “அதான் கோளாறு. மூடியத் தூக்கினா உள்ள இருக்கற சூடு பூரா போயிடும். மறுபடி சூடேறவே எவ்வளவோ நேரமாகும். இது ஆபீஸ் இல்ல அத்தான். நீங்க பாக்கறீங்கன்னு ஆப்பிள் பயந்துக்காது.”

“உங்கக்கா ராத்திரி பூரா முழிச்சிருந்து கிண்டலையா?”

மைத்துனி சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “எங்கக்காவா? எல்லாத்தையும் அள்ளிப் போட்டு, மூடிட்டு, போய்ப் படுத்துத் தூங்கிடுவா. வருஷத்துல அந்த ஒரு நாள்தான் எனக்கு ஓய்வுடின்னுவா. சமையல் கட்டுல வேலையிருக்குன்னு சொல்லிட்டா யாரும் கூப்பிட மாட்டாங்களாம். கடைசில தண்ணி வத்தறதுக்கு மட்டும் குறுக்க ஒரு கரண்டிய வெச்சு மூடியச் சாய்ச்சு வெப்பா.”

யாரும் என்றால் யார் என்று அவர் கேட்கவில்லை. எத்தனை அதிகாரிகளின் மேசையில் அந்தக் கண் விழிப்பை வைத்துவிட்டு வந்தோம் என்று மட்டும் ஒரு கணம் மனதில் ஓடியது. “பட்ட, கிராம்பு தவிர வேற என்ன போடுவா?” என்றார்.

“நீங்கதானே வருஷா வருஷம் தின்னீங்க. என்னக் கேக்கறீங்க?”

“இப்ப சட்டுன்னு ஞாபகத்துக்கு வரல.”

மைத்துனி அவர் முகத்தைப் பார்த்தாள். அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது, குரலைத் தாழ்த்தினாள். “ஜாதிக்காய் கொஞ்சம் துருவிப் போடுவா. எழுந்து ஹாலுக்குப் போங்க. சாயங்காலம் வரைக்கும் தொடாதீங்க. கடையத் தெறந்து போட்டுட்டு வந்திருக்கேன், நான் வரேன்.”

அவர் ஹாலுக்குப் போனார். செய்தித்தாளை விரித்தார். தலையங்கத்தில் அன்றைக்கென்று பார்த்துப் பிழை ஒன்றும் இல்லை. சமையலறையிலிருந்து சத்தமே வரவில்லை. அதுதான் அவரைப் படுத்தியது. சத்தமில்லாத கிளார்க்கை அவர் என்றைக்கும் நம்பியதில்லை. தண்ணீர் குடிக்கப் போனவர் மூடியைத் தூக்கினார். தம்ளரைக் கழுவி வைக்கப் போனவர் மறுபடி தூக்கினார். மனம் கேட்காமல் இன்னும் நாலு கிராம்பைப் போட்டார்.

வெயில் சாய்ந்தபோது பாத்திரத்தில் இருந்தது, வெந்நீரில் நனைந்த ஆப்பிள். மகள் கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. சூப்பிரண்டு எல்லாவற்றையும் ஒரு வாணலியில் கொட்டி, தொடக்கூடாத அடுப்பைத் தொட்டு, பெரிய தீயில் வைத்தார். இந்த முறை நகராமல் நின்றுதான் பார்த்தார். மேலே குமிழ் விட்டு அழகாகத்தான் கொதித்தது. அடி பிடித்தது அவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் மேலிருந்து பார்க்கிறவருக்கு அடி தெரியாது. வாசனை சொன்னபோது பாதி கருகியிருந்தது, மீதியிலும் அந்தக் கசப்பு ஏறியிருந்தது.

ஜன்னல்களை எல்லாம் திறந்தார். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

கடைசித் தட்டில், எல்லாவற்றுக்கும் பின்னால், ஒரு பாட்டில் இருந்தது. போன பருவத்தில் அவள் செய்ததில் மிஞ்சியது. மகளுக்குக்கூட அவர் அதைச் சொல்லவில்லை. காலையில் பால் எடுக்கும்போது கண்ணில் படும், பார்த்துவிட்டு மூடுவார். இந்த வீட்டில் அவர் திறந்து பார்க்காத ஒரே பொருள் அதுதான். வெளியே எடுத்து மேசையில் வைத்தார். மூடிக்கு மேல் கட்டியிருந்த துணி நீலக் கட்டம் போட்டது. வெகு நாளாகத் தேடிக் கிடைக்காமல், சலவைக்காரர் மேல் சந்தேகப்பட்டு, அவரை வேலையிலிருந்து நிறுத்தக் காரணமாக இருந்த தன்னுடைய சட்டையின் துண்டு அது என்று இப்போதுதான் தெரிந்தது.

முடிச்சை அவிழ்க்க நேரம் பிடித்தது. அவள் இறுக்கிப் போட்ட முடிச்சு. மூடியைத் திருகியபோது சின்னதாக ஒரு சத்தம், நாக்கைத் தட்டுவது போல. உள்ளே அவள் அடைத்து வைத்திருந்த காற்று அவ்வளவுதான் போலிருக்கிறது, வெளியே வந்து சமையலறையின் கருகல் வாசனையோடு கலந்துவிட்டது. சூப்பிரண்டு பாட்டிலைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றார். பிறகு, கோப்பு வேலையில் பழகிய மனிதராகையால், மீதியை ஒழுங்காகச் செய்தார். விழுது முழுவதையும் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றினார். அதில் ஒரு கரண்டி எடுத்துக் குக்கரின் உள்சுவரில் பூசினார். பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தார். கருகிய வாணலியை வாஷிங் மெஷினுக்குள் வைத்து மூடினார். துணியை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மகள் வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே எதையோ முகர்ந்தாள். அடுப்பின் குமிழைத் தொட்டுப் பார்த்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்தாள், மூடினாள். அலமாரியைத் திறந்தாள், மூடினாள். இவள் யாருடைய மகள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. பிறகு குக்கரின் மூடியைத் தூக்கி, உள்சுவரில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

“கொண்டாங்க பாப்போம்.”

ரொட்டியில் தடவிக் கொடுத்தார். ஒரு கடி கடித்தாள். மென்றாள். பார்வை ஜன்னல் பக்கம் போய் அங்கேயே நின்றது. இன்னொரு கடி. சூப்பிரண்டுக்கு எந்த மேலதிகாரியின் முன்னாலும் இப்படி வாய் உலர்ந்ததில்லை.

“நல்லாத்தான் இருக்குப்பா,” என்றாள் கடைசியில். “ஆனா அம்மாவோடது இல்ல.”

“என்ன?”

“கிராம்பு தூக்கலா இருக்கு. இனிப்பும் ஒரு மாதிரி. அம்மா கை வேற. அது யாருக்கும் வராது. உங்களக் கொற சொல்லல.”

அவர் எழுந்து ஜன்னலோரம் போனார். ஒரே ஒரு வாக்கியம் போதும். இது உங்கம்மா செஞ்சதுதான், கடைசி பாட்டில், இனி இல்லை. அதைச் சொன்னால் வாணலி வெளியே வரும், அடுப்பு வெளியே வரும், பெட்டி கட்ட வேண்டும். சொல்லாவிட்டால் மனைவியின் கடைசிக் கைவேலை சூப்பிரண்டின் அரைகுறைச் சமையல் என்ற பெயரில் இந்த வீட்டை விட்டுப் போகும். எத்தனையோ பேரின் வேலையைத் தன் கையெழுத்தில் மேலே அனுப்பியவர் அவர். ஒரு நாளும் அது உறுத்தியதில்லை. சட்டைப் பைக்குள் துணியைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

திரும்பிப் பார்த்தபோது மகள் ரொட்டியை விட்டுவிட்டிருந்தாள். கிண்ணத்திலிருந்து நேராகக் கரண்டியால் எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள், சின்ன வயதில் தின்ற மாதிரி, ஒரு காலை நாற்காலியில் மடித்து வைத்துக்கொண்டு. கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். விழுது கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது.

“அடுத்த தடவ கிராம்பக் கொறச்சுக்குங்க,” என்றாள்.

அடுத்த தடவை என்றால் எந்த வீட்டில் என்று அவர் கேட்கவில்லை. அவள் கிண்ணத்தின் அடியை வழித்துக் கடைசி ரொட்டித் துண்டில் தடவி அவரிடம் நீட்டினாள்.

“நான் சொல்றது சரியா இல்லையா, நீங்களே சொல்லுங்க. அம்மாவோடது மாதிரியா இருக்கு?”

சூப்பிரண்டு வாங்கி வாயில் போட்டார். நிதானமாக மென்றார். முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கூரையைப் பார்த்து யோசித்தார்.

“கிராம்பு கொஞ்சம் தூக்கல்தான்,” என்றார்.

வருடந்தோறும் அந்த வீட்டில் செய்யப்பட்ட விழுதை அவர் வாயில் வைத்தது அதுவே முதல் முறை.