மூன்று விரல்

ஜீப் வந்து நின்றபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அறுபத்தாறாம் வருடம், ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல். வேறு பொம்பளை இல்லாத இந்த வீட்டில் மூன்று மாதமாக மாமனார் நான்தான் பொங்குகிறேன். தூரமாகித் தொழுவத்தில் போய் உட்கார்ந்த மருமகள் முப்பிடாதியம்மாள் அடுப்படிக்குத் திரும்பவில்லை. தனித் தட்டு, தனிச் செம்பு. மூன்று நாளில் நிற்க வேண்டியது நிற்கவே இல்லை. சித்திரையில் ஆஸ்பத்திரியில் லூப் என்று ஒரு வளையத்தை வைத்துவிட்டார்கள், அன்றிலிருந்துதான். பிள்ளைகள் போதும் என்று பட்டாளத்திலிருந்து மகன் எழுதியிருந்தான். என்னை யாரும் கேட்கவில்லை.

ஜீப்பிலிருந்து மெட்ராஸ் ஆபீசர் ஒருவர் இறங்கினார். சின்ன வயசு. கூடவே நர்ஸ் முத்துவடிவு. லூப் வைத்த பெண்களை ஆஸ்பத்திரி எப்படிக் கவனிக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வந்திருக்கிறார்களாம். சர்க்கார் தாளில் எழுதி ஒருத்தர் பிழைத்து நான் பார்த்ததில்லை. முப்பிடாதி இரண்டு தடவை போய்ச் சொன்னதற்கு, "போகப் போகச் சரியாயிரும்" என்று திருப்பி அனுப்பியவள்தான் இந்த முத்துவடிவு.

"லூப் வச்சதுல என்னம்மா கஷ்டம்?"

தொழுவத்துத் தூணுக்குப் பின்னாலிருந்து முப்பிடாதி சொன்னாள். "தூரந்தான்."

"எவ்வளவு தூரம்?"

என் முன்னால் சொல்லக் கூசி, மூன்று விரலை மட்டும் வெளியே நீட்டினாள்.

"மூணு மைல்." ஆபீசர் எழுதிக்கொண்டார். "நடக்கக் கஷ்டந்தான். வேற ஒண்ணும் இல்லையே?"

முத்துவடிவு குடையை விரித்தாள், மடக்கினாள். அவளுக்கா தெரியாது?

மருமகள் சங்கதியை மாமனார் பேசுவது எங்களில் வழக்கமில்லை. ஆபீசர் பேனாவை மூடினார். முப்பிடாதி தூணைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தாள்.

"பேனாவத் திறயும்வே," என்றேன். "ஆஸ்பத்திரி அந்தா தெரியுது பாரும். இவ சொல்லுதது பொம்பளைங்க தூரம். மூணு மைலு இல்ல, மூணு மாசம். நிக்காமப் போவுது. நான் பொங்கின சோத்தத் தின்னு பாரும், தெரியும்."

ஆபீசர் முகம் சிவந்துபோயிற்று. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எழுத இதுல இடமே இல்லையே, பெரியவரே."

"தாளுல இல்லாட்டா ஜீப்புல இருக்குல்லா? தென்காசி பெரியாஸ்பத்திரிக்கு ஏத்தும்."

"நாளைக்கு நானே வந்து..." என்று முத்துவடிவு ஆரம்பித்தாள்.

"நீ பேசாத தாயி."

ஆபீசர் பின்கதவைத் திறந்தார். முப்பிடாதி உடனே ஏறவில்லை. தொழுவத்துக்குள் போய் ஒரு சாக்கை எடுத்து வந்தாள். சாரலில் நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அதை நாலாக மடித்துச் சீட்டின்மேல் விரித்துவிட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.