மாமா உட்காரும் உயரம்

என் வீட்டுக்காரருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே வேலை செய்யாது. சரக்கு இறக்கும்போது லாரியின் பின்கதவு விழுந்து நசுக்கிவிட்டது. க்ளட்ச் மிதிக்க முடியாத ஆளை நம்பி எவன் லாரி கொடுப்பான்? "பேசாம வாட்ச்மேன் வேலைக்குப் போகச் சொல்லு" என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு வந்து சொன்னார்கள். வந்தவர்களை எல்லாம் ஒரு பிடி பிடித்து அனுப்பினேன். அப்புறம்தான் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் லாரி வாய்த்தது. அதில் க்ளட்சே கிடையாது. கியர் தானாக மாறும், வலது கால் ஒன்று போதும். அதில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மனுஷன் வீட்டில் வாயைத் திறந்தார். சிரித்தார், சாப்பாட்டில் குறை சொன்னார், என்னோடு சண்டைகூடப் போட்டார்.

அந்த லாரியின் கியர்பாக்ஸ்தான் செத்துப்போனது.

என் தம்பி மெக்கானிக். சொந்தமாக ஷெட் வைத்திருக்கிறான். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வேலை சுத்தம். பழைய இரும்புக் கடைகளைச் சல்லடை போட்டுச் சலித்து இன்னொரு கியர்பாக்ஸைக் கொண்டுவந்து சேர்த்தான்.

"இந்த மாடலையே நிறுத்திட்டாங்கக்கா. தேடிப் பாத்துட்டேன், வேற எங்கயும் இல்ல. இதுவும் போச்சுன்னா வண்டிய கூறு போட்டு விக்க வேண்டியதுதான்."

"வாயக் கழுவுடா மொதல்ல" என்றேன். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற இவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

புது கியர்பாக்ஸ் பழையதைவிடக் கொஞ்சம் குட்டை. அதனால் ஷாஃப்ட் எட்டவில்லை. கியர்பாக்ஸின் பின்னாலிருந்து பின் அச்சு வரைக்கும் வண்டிக்கடியில் ஓடுகிற இரும்புக் குழாய் அது. அது சுற்றினால்தான் சக்கரம் சுற்றும். சரியான அளவு எடுத்துக் கொடுத்தால் லேத்துக்காரர் புதிதாக ஒன்று செய்து தருவார். இவர் ஷெட் வாசலிலேயே குறுக்கும் நெடுக்குமாக நொண்டிக்கொண்டிருந்தார். வண்டிக்கடியில் படுத்து நகர அந்தக் கால் விடாது.

"என்ன மாமா, விருந்தாளி மாதிரி வெளிய நிக்கிறீங்க? உங்க வண்டி, நீங்களே மாட்டுங்க" என்றான் தம்பி. சொன்னதோடு நிற்கவில்லை. ஜாக்கி வைத்து, சேஸிஸ் சட்டத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து, லாரியை உயரத் தூக்கி நிறுத்தினான். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. அடியில் ஒரு முக்காலி போட்டான். அதில் உட்கார்ந்து அண்ணாந்தே எல்லா வேலையும் பார்க்கலாம்.

"மாப்ள, இன்னும் கொஞ்சம் தூக்கேன், மொட்டமாடியில நின்னு மாட்டலாம்" என்றார் இவர்.

"மொதல்ல ஸ்பேனர நேரா புடிங்க மாமா."

டேப்பின் ஒரு முனையை அவன் பிடித்தான், மறு முனையை இவர் பிடித்தார். அளவை இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். லேத்திலிருந்து புது ஷாஃப்ட் வந்ததும் இவரே மடியில் தாங்கி ஏற்றி, போல்ட்டை ஒவ்வொன்றாக முறுக்கினார். முகமெல்லாம் கிரீஸ். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. யார் கண்ணும் படக்கூடாதே என்று மனசுக்குள் அடித்துக்கொண்டது.

காலி வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். சத்தமில்லை, அதிர்வில்லை. மறுநாள் சிமெண்டு மூட்டை ஏற்றினார்கள். தம்பி துணைக்கு ஏறினான், நானும் விடுவேனா என்று ஏறிக்கொண்டேன். ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு இவர் ஓட்டிய அழகைப் பார்க்க வேண்டுமே! பாலம் இறங்கும் இடத்தில் ரோடு பள்ளம். வண்டியின் பின்பாகம் ஒரு தரம் அமுங்கியது. அடியில் டமார் என்று ஒரு சத்தம், அதன் பின்னாலேயே இரும்பு அரைபடும் சத்தம். இவர் பதறாமல் வண்டியை ஓரம் கட்டினார். ரோடெல்லாம் எண்ணெய்.

தம்பி அடியில் நுழைந்தான். நுழைந்தவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் செத்திருந்தது.

"ஷாஃப்ட் நீளம்க்கா. சக்கரம் தொங்குறப்ப அச்சு எறங்கிடும், கியர்பாக்ஸுக்கும் அச்சுக்கும் தூரம் கூடிடும். நான் அப்ப அளந்துட்டேன். தரையில நின்னா தூரம் கம்மி, லோடு ஏறுனா இன்னும் கம்மி. முட்டி, கியர்பாக்ஸ் பின்பக்கத்தையே ஒடச்சிருச்சு."

"இது உனக்குத் தெரியாதாடா பாவி?"

"தெரியும்க்கா. சக்கரம் தரையில இருக்கறப்பதான் அளப்பேன். எப்பவும் கீழ படுத்துதான்…"

ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். யாருக்காகத் தூக்கி நிறுத்தினான்? என் புருஷனுக்காகத்தானே? அடிக்கவும் முடியாமல் அணைக்கவும் முடியாமல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"ஒட்டவச்சுப் பாக்கலாமா மாப்ள?" என்று கேட்டார் இவர்.

"உள்ள பல்லெல்லாம் நொறுங்கிடுச்சு மாமா."

"வேற பாக்ஸ்?"

தம்பி இல்லை என்று தலையை ஆட்டினான். அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதான். இவர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். இந்த மனுஷன் நாலு வார்த்தை திட்டியாவது தொலைக்கக் கூடாதா? திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

வேறொரு லாரி வந்து மூட்டைகளை மாற்றிக்கொண்டு போனது. அதன் பிறகு கட்டி இழுத்துப்போக ஒரு வண்டி வந்தது. சக்கரம் தடையில்லாமல் உருள வேண்டும் என்று தம்பி ஷாஃப்டைக் கழற்றி எடுத்தான்.

"பின்னாடி வண்டியில ஸ்டீயரிங் யாரு புடிக்கிறது?" என்று கேட்டார் இழுக்க வந்த வண்டியின் டிரைவர்.

"நான்தான்" என்று தம்பி எழுந்தான். அதற்குள் இவர் கம்பியைப் பிடித்து மேலே ஏறிவிட்டார். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். தம்பி முன்வண்டிக்குப் போனான். லாரி பிரேக் காற்றழுத்தத்தில்தான் பிடிக்கும், அந்தக் காற்றுக்காக இவர் எஞ்சினை ஓடவிட்டார். கயிறு விறைத்தது, வண்டி நகர்ந்தது. அவர் ஓட்டிக்கொண்டு போவதாகவே பார்க்கிறவர்களுக்குத் தோன்றியிருக்கும். எதிரில் வந்த ஒரு லாரிக்காரன் கையைக் காட்டினான், இவரும் கையைக் காட்டினார். நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

ஷெட் இருக்கிற தெரு நெருங்கியது.

"தம்பிக்குப் போன் போட்டு மெதுவாப் போகச் சொல்லு" என்றார்.

"ஏங்க, பிரேக் புடிக்கலையா?"

"புடிக்குது."

ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார். நான் தம்பிக்குப் போன் போட்டேன்.

"நடக்குற வேகத்துலதான்க்கா போறோம்" என்றான் அவன்.

"இன்னும் மெதுவாப் போகச் சொல்லுடா" என்றேன்.